வாசகர் வட்டத்தில் உறுப்பினர் படிநிலைகளும் நன்கொடையாளர் பெயர்ப்பலகையும்: உங்கள் கருத்து வேண்டும்

வட்டச் செயலாளர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றில், பேரூராட்சி ஒன்றின் கிளை நூலகத்துக்குத் துணைநிற்கும் வாசகர் வட்டத்தில் நான் செயலாளர். நூலகத்தில் அரசு ஊழியர் ஒருவரே இருக்கிறார். ஆகவே வார இறுதியில் சிறுவர்களுக்குக் கதை சொல்வது, கிழிந்த நூல்களை ஒட்டித் தைப்பது, வெளியே வர இயலாத முதியவர்களின் வீட்டுக்கு நூல்களைக் கொண்டு சேர்ப்பது, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வு நடத்துவது ஆகிய வேலைகளை எங்கள் தன்னார்வலர்களே ஏற்றுச் செய்கிறார்கள். இதுவரை எங்களிடம் ஆண்டுச் சந்தா ₹100 செலுத்தும் ஒரே வகை உறுப்பினர்தான் உண்டு.

இப்போது செயற்குழுவில் ஒரு முன்மொழிவு வந்துள்ளது. ₹100 செலுத்துபவர் ஆண்டு உறுப்பினர், ₹2,000 செலுத்துபவர் ஆயுள் உறுப்பினர், ₹10,000 கொடுப்பவர் புரவலர், ₹50,000 கொடுப்பவர் பெருங்கொடையாளர் என நான்கு படிகள். பெருங்கொடையாளருக்குச் செயற்குழுவில் நிரந்தர இடமும், ஆண்டு விழா மேடையில் இருக்கையும், நூலக வாசலில் கிரானைட் பலகையில் பெயரும் தரலாம் என்கிறார்கள். பணத்தேவை உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. தேர்வுப் பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் பழைய நூல்கள் பயனற்றுப் போகின்றன. சிறுவர் பகுதிக்குக் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரிகள் வேண்டும். ஆனால் பணத்தின் அளவை வைத்து உறுப்பினர்களைப் பிரிப்பதும், நிர்வாகத்தில் இடம் தருவதும் சரிதானா என்ற தயக்கம் என்னைவிட்டு நீங்கவில்லை. இத்தகைய அமைப்புகளில் பழகியவர்கள் தங்கள் கருத்தைக் கூற வேண்டுகிறேன்.

ஓய்வு பெற்ற நூலகர்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். படிநிலைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பொது நூலகத் துறையிலேயே புரவலர் திட்டம் நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. ₹1,000 செலுத்துபவர் புரவலர், ₹5,000 செலுத்துபவர் பெரும் புரவலர், ₹10,000 செலுத்துபவர் கொடையாளர். பல கிளை நூலகங்களின் சுவரில் இவர்களின் பெயர்களை எழுதிய பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொகை நூலகத்துக்கு உரியது. அதற்குத் துறையின் ரசீது உண்டு. நீங்களும் ‘புரவலர்’ என்ற சொல்லையே வைத்துக்கொண்டால், வட்டத்துக்கு ₹10,000 கொடுத்தவர் தம்மை நூலகத்தின் கொடையாளர் என்று எண்ணிக்கொண்டு, துறையின் பலகையில் தம் பெயர் ஏன் இல்லை என்று நூலகரிடம் கேட்பார். இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். பதில் சொல்ல வேண்டிய நிலை அந்த ஒற்றை ஊழியருக்கு வரும். ஆகையால் வட்டத்தின் உறுப்பினர்களுக்குத் துறையின் பட்டங்களைத் தவிர்த்து வேறு பெயர் வையுங்கள்.

அடுத்தது, வாசலில் பலகை. அந்தக் கட்டடம் உங்கள் வட்டத்துக்குச் சொந்தமானதன்று. மாவட்ட நூலக அலுவலரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அங்கே ஓர் ஆணியைக்கூட அடிக்கக் கூடாது.

மூன்றாவதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நாட்டில் பிற மாகாணங்களுக்கெல்லாம் முன்னோடியாக வந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாயோடும் 10 பைசா நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. அதாவது உங்கள் ஊரில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும் கிழவியும் அந்த நூலகத்துக்கு ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. வட்டம் யாருக்கு எந்த மரியாதையைச் செய்தாலும், நூலகத்துக்குள் வரும் வாசகரிடத்தில் அதனால் எந்த வேற்றுமையும் தோன்றக் கூடாது. மேசை, நாளிதழ், புதிய நூல், இருக்கை ஆகிய எதிலும் முன்னுரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கதைசொல்லி

நான் வேறொரு மாவட்டத்தில் சிறுவர்களுக்குக் கதை சொல்லும் தன்னார்வலர். முன்மொழிவைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி, இந்த நான்கு படிகளில் உழைப்பவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதே. வாரந்தோறும் வந்து நூல்களைத் தைத்துக் கொடுக்கும் ஓய்வு பெற்ற அச்சகத் தொழிலாளி ₹100 கட்டுகிறார் என்பதால் கடைசிப் படியில் இருப்பார். ஒரு முறை காசோலை கொடுத்துவிட்டுப் பிறகு ஊர்ப்பக்கமே வராதவர் முதல் படியில் இருப்பார். இதைவிடப் பெரிய அநீதி வேண்டியதில்லை.

நான் முன்பு இருந்த ஓர் அமைப்பில் (பெயரைச் சொல்ல விரும்பவில்லை) ஆண்டு விழா மேடையில் நன்கொடைத் தொகையின் வரிசைப்படி நாற்காலிகள் போட்டார்கள். சால்வை போர்த்துவதற்கே விழாவின் பெரும்பகுதி கழிந்தது. ஆண்டு முழுவதும் வேலை செய்த பெண்கள் கீழே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் பலர் வரவில்லை. யாரும் சண்டையிடவில்லை, காரணமும் சொல்லவில்லை. தன்னார்வலர்கள் விலகும்போது பெரும்பாலும் அப்படித்தான் விலகுகிறார்கள் என்பதால், விலகலுக்கும் அந்த மேடைக்கும் உள்ள தொடர்பை நிர்வாகிகள் உணரவே இல்லை.

படிநிலையே வேண்டாம் என்பது என் கருத்து. உறுப்பினர் ஒரே வகை, சந்தா ஒரே தொகை, வாக்கு ஒன்று. அதற்கு மேல் கொடுப்பதை நன்கொடை என்று தனியாக வாங்கி, நன்றிக் கடிதத்தோடு ரசீது கொடுங்கள்.

தணிக்கை மேசை

கணக்காளராகச் சில அறக்கட்டளைகளின் கணக்குகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். முந்தைய பதிவில் கதைசொல்லி அவர்கள் சந்தாவையும் நன்கொடையையும் பிரிக்கச் சொன்னது நியாயத்துக்காக. கணக்கு முறைக்கும் அதுவே ஏற்றது. சந்தா என்பது வாக்குரிமை, கூட்ட அறிவிப்பு முதலிய உரிமைகளோடு வரும் கட்டணம். நன்கொடை என்பது கைம்மாறு எதிர்பாராமல் கொடுப்பது. ₹50,000 கொடுத்தவருக்குச் செயற்குழுவில் நிரந்தர இடம் என்று துணைவிதியில் எழுதிவிட்டால், அந்தப் பணத்தை நன்கொடை என்று வாதிடுவது கடினம். நிர்வாகப் பொறுப்புக்கு விலை வைத்ததாகவே அது தோன்றும்.

பெயர் போடுவது மட்டும் தவறன்று என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறது. 2019 அக்டோபர் 11 அன்று மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று, அறநிறுவனங்களில் நன்கொடையாளரின் பெயரை நன்றி தெரிவிக்கும் வகையில் எழுதி வைத்தால் அதற்குச் சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்படாது என்று தெளிவுபடுத்தியது. தந்தையின் நினைவாக மகள் கொடுத்தது என்று ஓர் அறையின் கதவிலோ தரையிலோ பொறிப்பது போன்றவற்றையே அது எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. கொடுத்த தொகை கொடையாக இருக்க வேண்டும். நோக்கம் அறமாக இருக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பொறிப்பு வணிக விளம்பரமாக இருக்கக் கூடாது. ஊரின் நகைக்கடையோ தனிப்பயிற்சி மையமோ தம் சின்னத்தையும் தொலைபேசி எண்ணையும் பலகையில் போடச் சொன்னால், அது நன்றி என்ற எல்லையைக் கடந்து விளம்பரமாகிவிடும்.

நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் அங்கீகாரத்தை (80ஜி எனப்படுவது) உங்கள் வட்டம் பெற்றிருந்தால் மட்டுமே வரிவிலக்கு உண்டு என்று வாக்குறுதி கொடுங்கள். ₹2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடைக்காது. நன்கொடை கேட்கச் செல்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் ஆண்டிறுதியில் வரும் மனக்கசப்புகளில் பாதி இதனால் வருபவையே. இன்னொன்று: பலகையில் தம் பெயர் வேண்டாம் என்பவரின் விருப்பத்தை மதியுங்கள். ஆனால் உங்கள் பதிவேட்டில் அவர் பெயரும் முகவரியும் இருந்தே தீர வேண்டும். கொடுத்தவர் யாரென்று பதிவில்லாத தொகை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அதன் மீது 30 விழுக்காடு வரி விதிக்கும் ஏற்பாடு அறநிறுவனங்களுக்கு உண்டு.

கோவையிலிருந்து ஓர் ஊர்க்காரர்

என் சொந்த ஊரும் டெல்டாப் பகுதிதான். அங்குள்ள நூலகத்தில் படித்துத்தான் வேலைக்கு வந்தேன். ஓரளவு கொடுத்தும் வருகிறேன். கொடுப்பவர் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். படிநிலை வேண்டாம் என்று கதைசொல்லி அம்மா சொன்னதில் உள்ள வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் படியே இல்லாதபோது, எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் கொடுப்பவர் தயங்குகிறார். எவ்வளவு கேட்பது என்று தெரியாமல் கேட்பவரும் தயங்குகிறார். கடைசியில் ₹500 கைமாறி, இரு தரப்பும் குறையோடு பிரிகிறார்கள். தொகை எழுதப்பட்டிருந்தால் ‘என்னால் இது முடியும்’ என்று மனிதர் முன்வருவார்.

பெயர் வேண்டும் என்பவர்களெல்லாம் புகழுக்கு அலைபவர்கள் என்று எண்ணுவதும் சரியன்று. பெரும்பாலோர் கேட்பது தம் பெயரையன்று. மறைந்த தாயின் பெயரை, தந்தையின் பெயரை. திதி நாளில் அன்னதானத்துக்குக் கொடுக்கும் மனம்தான் நூலகத்துக்கும் கொடுக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவின் பெயர் ஒரு சிறுவர் அலமாரியின் மீது இருக்க வேண்டும் என்ற ஆசையை நான் குறையாகக் கருதவில்லை.

ஆகவே தொகையை ஆளின் தகுதியோடு இணைக்காமல், தேவையோடு இணைக்கலாம் என்பது என் யோசனை. இந்தத் தொகை ஓராண்டுக்கான பருவ இதழ்களுக்கு, இது ஒரு தொகுதித் தேர்வு நூல்களுக்கு, இது ஓர் அலமாரிக்கு என்று பட்டியலிட்டால், பட்டங்கள் இல்லாமலே படிகள் கிடைத்துவிடும்.

ஓய்வு பெற்ற நூலகர்

கோவை நண்பரின் யோசனையை நான் வரவேற்கிறேன்; எனினும் அதில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பணிக்காலத்தில் நேரில் கண்டிருக்கிறேன். பொருளில் பெயர் எழுதினால், அந்தப் பொருளை மாற்றும் உரிமை நூலகத்திடமிருந்து மெல்ல நழுவிவிடுகிறது. கோயில்களில் குழல் விளக்கின் மீதே ‘உபயம்’ என்று எழுதி வெளிச்சத்தை மறைப்பதை எல்லோரும் அறிவோம். நூலகத்திலும் கதவு சரியாக மூடாத இரும்பு அலமாரியை அகற்ற முடியாமல் நூலகர்கள் திண்டாடுவார்கள், அதில் ஊரின் பெரியவர் ஒருவர் பெயர் இருக்கும். நூல்களில் இது இன்னும் கடினம். ஒருவர் தம் தந்தையின் சேகரிப்பை மொத்தமாகக் கொடுப்பார். அதில் பாதி பழைய சட்டத் தொகுப்புகளாகவும் காலாவதியான தேர்வு வழிகாட்டிகளாகவும் இருக்கும். அவற்றைக் கழிவு நீக்கம் செய்த பிறகு அந்தக் குடும்பத்தார் வந்து நிற்கும்போது சொல்லப்படும் சொற்களை இங்கே எழுத இயலாது. நூலகம் வளரும் உயிர் என்று இரங்கநாதன் வகுத்த விதியின் பொருள், வளர்வது தேய்வதையும் உதிர்ப்பதையும் உள்ளடக்கியது என்பதுதான்.

எனவே வாங்கும்போதே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். எந்த நூலை ஏற்பது என்பதை நூலகர் முடிவு செய்வார். ஏற்றதைப் பதிவேட்டில் எண் கொடுத்துச் சேர்ப்பார். அட்டையின் உட்புறத்தில் கொடுத்தவர் பெயரைத் தாங்கிய சிறு தாள் ஒட்டப்படும். நூல் கழிக்கப்படும்போது கொடுத்தவரிடம் தெரிவிக்க வேண்டிய கடமை இல்லை. அலமாரிக்குப் பத்தாண்டு, அல்லது அது பயன்படும் காலம், இவற்றில் எது முதலில் முடிகிறதோ அதுவரை பெயர் இருக்கும். கிரானைட் பலகையைத் தவிர்க்க நான் சொல்வதற்கும் இதுவே காரணம். கல்லில் பொறித்ததை யாராலும் புதுப்பிக்க முடியாது. பலகை நிறைந்துவிட்டால் அடுத்தவருக்கு இடமிராது.

கல்வெட்டு ஆர்வலர்

கல்லைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒரு சொல். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் தன் கொடைகளைப் பொறிக்கச் சொல்லும்போது, ‘நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்கிறான். பேரரசனின் கொடைக்கும் ‘மற்றும் கொடுத்தார்’ கொடைக்கும் ஒரே கோயிலின் கல்லில் இடம் கிடைத்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அவை கொடுத்தவரைப் புகழ்வதோடு நிற்பதில்லை. ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிக்க 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன என்றால், அந்த ஆடுகள் யார் பொறுப்பில் இருக்கின்றன, அவர் நாள்தோறும் எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்பதும் அங்கே எழுதப்படும். பெயர்ப்பலகை என்று நாம் இன்று வைப்பதில் தொகையும் பெயரும் மட்டுமே இருக்கின்றன. பணம் என்ன ஆயிற்று என்பது இல்லை. கொடுத்தவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை அந்தப் பதிவுதான் என்று நினைக்கிறேன்.

கதைசொல்லி அவர்கள் உழைப்பைப் பற்றிக் கேட்டார்கள். அதே கோயிலின் மற்றொரு கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடல் பணி செய்த பெண்கள்) 400 பேரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, எந்தத் தெருவில், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்), எத்தனையாவது வீட்டில் இருந்தார், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பதையும் பதிவு செய்கிறது. அவர்களைத் தொடர்ந்து பாடியவர், மத்தளம் கொட்டியவர், கணக்கு எழுதியவர், குடை பிடித்தவர், தையல் வேலை செய்தவர் ஆகியோரும் வருகிறார்கள்.

கதைசொல்லி

இந்தச் செய்தி எனக்குப் புதியது, மிக்க நன்றி. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அந்தப் பெண்கள் தன்னார்வலர்கள் அல்லர். அரசன் ஆணையால் பல ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்டு, நெல் பங்கு கொடுத்து அமர்த்தப்பட்டவர்கள். அவர்கள் பெயர் பொறிக்கப்பட்டது நன்றிக்காக என்பதைவிடப் பங்கு கணக்குக்காக என்றே தோன்றுகிறது. இருந்தாலும் வேலை செய்தவரின் பெயரை எழுதலாம் என்பதற்கு அது சான்றாக இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

கோவை நண்பரின் பதிவைப் படித்த பிறகு, படியே வேண்டாம் என்ற நிலையிலிருந்து நான் சற்று நகர்கிறேன். தேவைப் பட்டியல் வரட்டும், அதில் ₹50,000ம் இருக்கட்டும். ஆனால் பலகை வைத்தால் அதில் உழைத்தவர்களின் பெயரும் அதே அளவு எழுத்தில், அதே வரிசையில் இருக்க வேண்டும். தொகை எழுதக் கூடாது. வரிசை அகர வரிசையாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இல்லம் செல்லும் செவிலியர்

நான் வலி நிவாரணப் பராமரிப்புத் துறையில் இருப்பவள், நூலகத்தோடு தொடர்பில்லை. எனினும் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2001இல் தொடங்கி வளர்ந்த பராமரிப்பு வலையமைப்பு இங்கே பொருந்தும். வாரத்துக்கு 2 மணி நேரமாவது ஒதுக்கக்கூடியவர் யாராயினும் பயிற்சி பெற்று அதில் சேரலாம் என்பதுதான் அங்கே நுழைவு நிபந்தனை. நிதியின் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் மிகச் சிறிய தொகைகளால் சேர்ந்தது. கடைகளில் வைத்த உண்டியல்கள், மாணவர்கள் திரட்டியவை, பேருந்துத் தொழிலாளர்கள் கொடுத்தவை என்று. ஒரு சிலரின் பெருந்தொகையை நம்பி நடக்கும் அமைப்பு அந்தச் சிலரின் மனநிலைக்குக் கட்டுப்பட்டு நடக்க நேரும். பலரின் சில்லறையால் நடப்பது ஊருக்குக் கட்டுப்பட்டு நடக்கும். பெருங்கொடையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மாதச் செலவு அதைச் சார்ந்திருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலமாரி போன்ற ஒருமுறைச் செலவுக்குப் பெரிய தொகையையும், இதழ்கள் போன்ற தொடர் செலவுக்குச் சிறிய சந்தாக்களையும் பயன்படுத்தலாம்.

இன்னொரு வேண்டுகோள்: முதியவர்களின் வீட்டுக்கு நூல் கொண்டு செல்கிறீர்கள் என்றீர்கள். அந்தப் பணியின் படங்களை நன்கொடை அறிக்கையில் வெளியிடும்போது, படுக்கையில் இருப்பவரின் முகத்தைக் காட்டாதீர்கள். எங்கள் துறையில் இதை மிகக் கடுமையாகக் கடைப்பிடிக்கிறோம்.

கோவையிலிருந்து ஓர் ஊர்க்காரர்

அகர வரிசை, தொகை இல்லாமை இரண்டையும் நான் ஏற்கிறேன். தொகையை எழுதும் பலகை, மொய் நோட்டைச் சுவரில் மாட்டியதைப் போன்றது. யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று ஊர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். கணக்கு கணக்கில் இருக்கட்டும். பொதுக்குழுவில் பற்று-வரவு வாசிக்கும்போது கேட்க விரும்புபவர் கேட்கட்டும்.

புதிய உறுப்பினர்

ஒரு கேள்வி. எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க விரும்பும் ஒருவர் எங்கள் இரத்த தானக் குழுவுக்குப் பெருந்தொகை கொடுக்க முன்வந்தார். தம் படத்தோடு பிளக்ஸ் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. இதற்கு எப்படி விதி எழுதுவது?

தணிக்கை மேசை

நபரைப் பார்த்து விதி எழுதாதீர்கள். எழுதினால் பகைதான் மிஞ்சும். நிபந்தனையோடு வரும் தொகையைச் செயற்குழு தனியாக முடிவு செய்ய இயலாது, பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதுங்கள். படம், சின்னம், பதவி, கட்சி அடையாளம் எவையும் நன்றி அறிவிப்பில் இடம்பெறாது என்ற ஒரு வரியையும் நன்கொடைப் படிவத்திலேயே அச்சிடுங்கள். கையெழுத்திடும்போதே தெரிந்துவிட்டால் பிறகு வாக்குவாதம் வராது. பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்வதைவிட, பெறாமல் விடுவது எளிது.

வட்டச் செயலாளர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இங்கே சொல்லப்பட்டவற்றை வைத்து ஒரு வரைவைத் தயாரித்திருக்கிறேன். உறுப்பினர் ஒரே வகை, சந்தா ₹100, ஆளுக்கு ஒரு வாக்கு. மாணவர்களிடமும், கட்ட இயலாது என்று செயற்குழுவில் ஒருவரிடம் தனியாகத் தெரிவிப்பவர்களிடமும் சந்தா பெறுவதில்லை. அந்த விலக்கு உறுப்பினர் பதிவேட்டில் தெரியாது. ஆயுள் உறுப்பினர் என்ற வகையை முழுமையாக விட்டுவிட்டேன், ஏனெனில் ஒருமுறை ₹2,000 பெற்றுவிட்டு அவருடைய ஆயுள் முழுவதும் கூட்ட அறிவிப்பு அனுப்புவதற்கு அந்தத் தொகை போதாது; அவரும் ஆண்டுதோறும் நம்மை நினைக்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது. நிர்வாகத்தில் இடம் தேர்தலால் மட்டுமே கிடைக்கும்.

நன்கொடைக்குத் தேவைப் பட்டியல் ஒன்றை ஆண்டுதோறும் நூலகரோடு பேசி வெளியிடுவோம். கிரானைட் பலகைக்குப் பதிலாக, ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் தேசிய நூலக வாரத்தில் அச்சிட்ட தாள் ஒன்றைச் சட்டமிட்டு, அலுவலரின் அனுமதியோடு உள்ளே வைக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். அதில் பணம் கொடுத்தவர், நூல் கொடுத்தவர், நேரம் கொடுத்தவர் எல்லோரும் அகர வரிசையில் வருவார்கள். அந்த ஆண்டில் வாங்கியவையும் செய்தவையும் கீழே இருக்கும். அடுத்த ஆண்டு புதிய தாள் வரும். பழையது கோப்பில் சேரும். மறைந்தவர் நினைவாகக் கொடுப்பவர்களுக்கு, நினைவுகூரப்படுபவரின் பெயரே அகர வரிசையில் வரும்.

ஒன்றில் மட்டும் இன்னும் முடிவுக்கு வர இயலவில்லை. நேரம் கொடுத்தவர் என்று யாரைக் கணக்கில் கொள்வது? மணிக்கணக்குப் பதிவேடு வைத்தால், சிலருக்கு அது ஊதியமில்லாத வேலைக்கு வருகைப் பதிவு வைப்பதுபோல் தோன்றும்.

கதைசொல்லி

மணிக்கணக்கு வேண்டாம். ஒவ்வொரு பணிக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பாரல்லவா, அவரிடம் அந்த ஆண்டு உடன் வந்தவர்களின் பெயரைக் கேளுங்கள். ஒரு முறை வந்தவரானாலும் எழுதச் சொல்லுங்கள். பெயர் விடுபட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், ஆதாரம் கேட்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். தாள்தானே, மறுநாளே புதிதாக அச்சிடலாம். நான் முன்பு சொன்ன அச்சகத் தொழிலாளி போன்றவர்கள் தாமாக வந்து கேட்க மாட்டார்கள் என்பதால், அச்சுக்குப் போகுமுன் வரைவுத் தாளை ஒரு வாரம் நூலக மேசையில் வைத்து, விடுபட்ட மற்றவர்களின் பெயரைப் பிறர் எழுதும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டச் செயலாளர்

அப்படியே சேர்த்துக்கொண்டேன், அம்மா. வரைவு அடுத்த பொதுக்குழுவுக்குச் செல்கிறது. நிரந்தர இடம் கேட்டு முன்மொழிந்தவரிடம் இதை முன்கூட்டியே காட்டிப் பேசிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் முதல்முறையாகக் கேட்டால் அவர் மனம் புண்படும், அவருடைய எண்ணமும் நூலகத்தின் நலனை நாடியதே. கூட்டத்தின் முடிவை இதே இழையில் தெரிவிக்கிறேன்.